மனித மாண்பைப் பற்றிய கலை நிகழ்வு: துயரத்தைக் காட்சிப்பொருள் ஆக்காமல் செய்ய வழி உண்டா?

காட்பாடி வாசகர் வட்டம் எழுதியது:

வணக்கம். காட்பாடியிலும் குடியாத்தத்திலும் படிக்கிற, வேலை பார்க்கிற, இருபது வயதை ஒட்டிய இளைஞர்கள் சிலர் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடிப் படித்து விவாதிக்கும் சிறு குழு ஒன்றை நடத்தி வருகிறோம். கல்லூரி மாணவர்கள், செவிலியர் படிப்பை முடித்த இருவர், ஷூ கம்பெனியில் பணியாற்றும் ஒருவர், ஓவியம் பயிலும் ஒருவர் எனப் பலதரப்பட்டவர்கள் இதில் இருக்கிறோம். இந்த ஆண்டு மனித மாண்பு என்ற ஒரே பொருளை எடுத்துக்கொண்டிருக்கிறோம். படிப்பதோடு நிறுத்திக்கொள்ளாமல், டிசம்பர் 10 மனித உரிமை நாளன்று நாடகம், புகைப்படம், இசை ஆகியவற்றைக் கொண்ட ஒரு நிகழ்வை நடத்தவும் முடிவெடுத்திருக்கிறோம்.

அரசியலமைப்பின் முகப்புரையையும், தீண்டாமையை ஒழிக்கும் 17ஆவது பிரிவையும், கட்டாய உழைப்பைத் தடை செய்யும் 23ஆவது பிரிவையும் முதலில் படித்தோம். படிக்கப் படிக்க, ஒவ்வொன்றுக்கும் பழைய வட ஆற்காடு மாவட்டத்திலிருந்தே ஒரு செய்தி எங்கள் நினைவுக்கு வந்தது. 2019 ஆகஸ்டில் வாணியம்பாடிக்கு அருகிலுள்ள நாராயணபுரத்தில், சுடுகாட்டுக்குப் போகும் வழி மறிக்கப்பட்டிருந்ததால், தலித் ஒருவரின் உடலைப் பாலத்தின் மேலிருந்து கயிற்றில் கட்டி இறக்கிய காணொளி வெளிவந்து, சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து அதை விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டை சிப்காட் தொழிற்பேட்டையில் தோல் கழிவுநீர்த் தொட்டியின் சுவர் இடிந்து, அருகில் உறங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து வந்தவர்கள். இவை பற்றி எங்களில் பலருக்கு அரைகுறையாகத்தான் தெரிந்திருந்தது.

நிகழ்வைத் திட்டமிடத் தொடங்கியதும் மூன்று விஷயங்களில் கருத்து வேறுபாடு எழுந்து, குழு ஏறக்குறைய உடையும் நிலைக்கு வந்துவிட்டது. தொழுநோயால் பாதிக்கப்பட்டவர்களின் வாழ்க்கையை நாடகமாக்க வேண்டும், அதற்காகக் கை கால்களில் துணி சுற்றி வேடம் போட வேண்டும் என்று சிலர் விரும்புகிறார்கள். செவிலியர் இருவரும் அதைக் கடுமையாக எதிர்க்கிறார்கள். அரிசி ஆலைகளில் கொத்தடிமைகளாக இருந்து மீட்கப்பட்ட இருளர் குடும்பங்களைப் படம் எடுத்துக் கண்காட்சியாக வைக்கலாம் என்பது இன்னொரு யோசனை. அவர்களுடைய முகங்களைக் காட்டுவது சரியா என்று தெரியவில்லை. மூன்றாவது விஷயம்தான் எங்களை மிகவும் சங்கடப்படுத்துகிறது. எங்கள் குழுவில் உள்ள ஒரு மாணவரின் தந்தை சாவுக்கு மேளம் அடிப்பவர். நிகழ்வைப் பறை முழக்கத்துடன் தொடங்கலாம் என்றும், அதை அந்த மாணவரே அடித்தால் பொருத்தமாக இருக்கும் என்றும் எல்லோரும் உற்சாகமாகப் பேசியபோது, தன்னால் முடியாது என்று அவர் சொல்லிவிட்டார். காரணம் எதையும் அவர் கூறவில்லை. பறை விடுதலையின் இசை அல்லவா, அதற்கு ஏன் வெட்கப்பட வேண்டும் என்று சிலர் அவரிடம் வாதாடிக்கொண்டே இருக்கிறார்கள்.

கலைத்துறையிலோ சமூகப் பணியிலோ அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவர்களாக இருப்போம்.


செய்யாறு முகவீணை எழுதியது:

தம்பி, தங்கைகளுக்கு வணக்கம். நான் கூத்துக் கலைஞன் அல்லன். கூத்து ஜமா (கூத்துக் குழு) ஒன்றுக்குப் பின்பாட்டுப் பாடியவரின் மகன், விடிய விடியக் கூத்துப் பார்த்து வளர்ந்தவன். முதல் கேள்விக்கு எங்கள் பக்கத்துத் தெருக்கூத்திலேயே ஒரு பதில் இருப்பதாக எனக்குத் தோன்றுவதால் சற்று விரிவாக எழுதுகிறேன்.

திரௌபதி அம்மன் கோயில் பாரதத் திருவிழாவில் பகலில் பாரதப் பிரசங்கமும் இரவில் கூத்துமாகப் பல நாள் நடந்து, படுகளத்திலும் தீமிதியிலும் முடியும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அந்த இரவுகளில் துகிலுரிதல் நடக்கும் இரவு மற்ற இரவுகளைப் போன்றது அன்று. ஊரே தாயாக வணங்கும் ஒருத்தியை, அதே ஊரின் கண் முன்னால், அவளுடைய கோயிலுக்கு எதிரிலேயே அவமானப்படுத்திக் காட்ட வேண்டும்; காட்டாவிட்டால் பாரதமே இல்லை. இந்தச் சிக்கலுக்குக் கூத்துக்காரர்கள் கண்டுபிடித்திருக்கும் வழி நுட்பமானது. துச்சாதனன் வேடம் கட்டியவர் சேலையில் கை வைப்பதற்கு முன்னால் ஆட்டத்தை நிறுத்துவார். வேடத்தை விட்டு வெளியே வந்து, இது தன் தொழில், கதை இப்படிப் போகிறது, தன்னை மன்னிக்க வேண்டும் என்று அம்மனை வேண்டிக்கொள்வார். கற்பூரம் ஏற்றப்படும். பிறகுதான் மறுபடியும் துச்சாதனனாக மாறுவார். திரௌபதியாக நிற்பவரும் ஓர் ஆண்தான் என்பதும், அவர் பக்கத்து ஊர்க்காரர் என்பதும் பார்க்கிற எல்லோருக்கும் தெரியும். இருந்தும் அந்த வேளையில் கொட்டகையில் யாரும் சிரிப்பதில்லை. அவமானத்தைக் காட்டுகிறவன் முதலில் தன் செயலுக்குப் பொறுப்புச் சொல்ல வேண்டும் என்ற விதி அந்தக் கலைக்குள்ளேயே இருக்கிறது. உங்கள் நாடகத்தில் அந்த இடம் எது என்று யோசித்துப் பாருங்கள்.

கூத்தின் கோமாளியான கட்டியங்காரனையும் மறந்துவிடாதீர்கள். ராஜாவைப் பார்த்து "நீ யார், எந்த ஊர், எதற்கு வந்தாய்" என்று கேட்கும் உரிமை கூத்தில் அவனுக்கு மட்டுமே உண்டு. நன்கொடை கொடுத்தவரையும், முன்வரிசையில் அமர்ந்திருப்பவரையும், நாடகம் போடுகிற உங்களையுமே அவன் கேள்வி கேட்கலாம். துணி சுற்றிய கைகளைக் காட்டிக் கண்ணீர் வரவழைப்பதைவிட, இது போன்ற ஒரு பாத்திரத்தை வைத்துப் பார்வையாளரைச் சங்கடப்பட வைப்பது மேல் என்பது என் எண்ணம். பழைய வடிவத்தில் புதிய கதை நிற்குமா என்ற ஐயம் வேண்டாம். புரிசை ஊரின் கூத்துக் குழுவினர் ஜெர்மன் நாடகாசிரியர் பிரெக்டின் நாடகத்தையும் கொலம்பிய எழுத்தாளர் மார்க்வெஸின் கதையையும் கூத்தாக ஆடிக்காட்டியவர்கள்.

கலைஞர்களின் மாண்பையும் உங்கள் பொருளுக்குள் சேர்த்துக்கொள்ளுங்கள். புரிசை கண்ணப்ப சம்பந்தன் அவர்களுக்கு 2025இல் பத்மஸ்ரீ கிடைத்தது. ஆனால் கூத்தாடி என்பதை இன்றும் வசைச்சொல்லாகவே பயன்படுத்துகிறோம், வேடம் கட்டுவதற்கு மாட்டுக் கொட்டகையைத்தான் பல ஊர்களில் ஒதுக்கித் தருகிறார்கள்.

பறையைப் பொறுத்தவரை, அந்த மாணவரிடம் பொறுமையாகப் பேசிப் பாருங்கள் என்பேன். சம்பந்தன் அவர்களோடு அதே ஆண்டில் மதுரைப் பக்கத்துப் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்கும் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. காலம் மாறியிருக்கிறது என்பதை அவருக்கு எடுத்துச் சொல்லலாம்.


கரிகிரி மகள் எழுதியது:

செவிலியர் தங்கைகள் இருவரும் எதிர்த்தது சரி. ஏன் என்பதை அந்த நோயோடு வாழ்ந்த ஒருவரின் மகளாகச் சொல்கிறேன்.

என் அப்பாவின் விரல்கள் மடங்கிப்போயிருந்தன. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியான சி.எம்.சி.யில் 1940களின் இறுதியில் டாக்டர் பால் பிராண்ட் தொடங்கிவைத்த தசைநாண் மாற்று அறுவை சிகிச்சை, 1955இல் கரிகிரியில் தொழுநோய் ஆராய்ச்சி மையம் அமைந்த பிறகு அங்கும் வளர்ந்தது. அந்தச் சிகிச்சையால் நிமிர்ந்த கையோடு அவர் தையல் இயந்திரம் ஓட்டினார், என் தலையை வாரிப் பின்னினார், கல்யாணப் பந்தியில் கையால் எடுத்துச் சாப்பிட்டார். இந்த நோய் விரல்களைத் தின்றுவிடுவதில்லை. நரம்பு பாதிக்கப்பட்டு உணர்ச்சி போய்விடுவதால், சூடும் முள்ளும் தெரியாமல் காயம் பட்டுப் பட்டு அவை தேய்கின்றன. அதனால்தான் நுண்துளை ரப்பரில் செய்த செருப்பு அங்கே அறுவை சிகிச்சைக்கு இணையான முக்கியத்துவம் பெற்றது. 1980களில் கூட்டு மருந்துச் சிகிச்சை வந்தபின், மருந்து தொடங்கிய சிறிது காலத்திலேயே மற்றவருக்குத் தொற்றும் வாய்ப்பும் நீங்கிவிடுகிறது. நீங்கள் சுற்ற நினைக்கும் அந்தத் துணி, பழைய சினிமாக்களிலிருந்து வந்தது. உங்கள் மேடையில் அது ஏறினால், முன்னால் உட்கார்ந்திருக்கும் ஒரு சிறுமி தன் தாத்தாவைப் பற்றி வகுப்பில் யாரிடமும் வாய் திறக்க மாட்டாள்.

அப்படியானால் இதைப் பற்றி நாடகமே போடக்கூடாதா என்று கேட்பீர்கள். தாராளமாகப் போடுங்கள், ஆனால் நோயாளியாக நடிக்காதீர்கள். விலக்கி வைத்தவராக நடியுங்கள். பெண் பார்க்க வந்து, காப்பி குடித்து, வேலூரில் எந்த ஆஸ்பத்திரி என்று விசாரித்துத் தெரிந்துகொண்டதும் வெற்றிலைத் தட்டைத் தொடாமல் எழுந்து போன மாமாவாக உங்களில் ஒருவர் நடிக்கட்டும். என்னைப் பள்ளியில் தனி டம்ளரில் தண்ணீர் குடிக்கச் சொன்ன ஆசிரியை கெட்டவர் அல்லர். மிகவும் அன்பானவர், என் நன்மைக்காகவே அதைச் செய்வதாக நம்பியவர். அந்த அன்பை நடித்துக் காட்டுவதுதான் கடினம். நம் நாட்டுச் சட்டமே 2019 வரை தொழுநோயை விவாகரத்துக்குரிய காரணங்களில் ஒன்றாக வைத்திருந்தது என்பதையும், அந்த ஆண்டுதான் தனிநபர் சட்டங்களைத் திருத்தி அதை நீக்கினார்கள் என்பதையும் கதைக்குள் கொண்டுவரலாம். இதற்கு வேடமே தேவைப்படாது. ஒரு வரவேற்பறையும் நான்கு நாற்காலிகளும் போதும்.

கூத்தைப் பற்றி மேலே எழுதிய அண்ணன் சொன்னதை நானும் ஏற்கிறேன். துச்சாதனனாக ஆடுபவருக்குத்தான் அங்கே மன்னிப்புத் தேவைப்படுகிறது.


வழக்குக் கட்டு எழுதியது:

மீட்கப்பட்ட கொத்தடிமைக் குடும்பங்களின் சட்ட உதவிப் பணியில் சில காலம் ஈடுபட்டிருந்தவன் என்ற முறையில் இரண்டாவது கேள்விக்குப் பதில் எழுதுகிறேன்.

முதலில் சட்டம். கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976இல் வந்தது. முன்பணம் வாங்கிய கடனுக்காக ஒருவரைப் பிணைத்து வைத்திருந்தால் அந்தக் கடனே செல்லாது என்று அது கூறுகிறது. கோட்டாட்சியர் வழங்கும் விடுவிப்புச் சான்று அந்தக் குடும்பத்தின் கையில் இருக்கும் மிக முக்கியமான தாள். 2016ஆம் ஆண்டின் மத்திய அரசுத் திட்டப்படி ஆண்களுக்கு 1 லட்சம், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் 2 லட்சம், மிகக் கொடிய நிலையில் இருந்தவர்களுக்கு 3 லட்சம் ரூபாய் என மறுவாழ்வு நிதி உண்டு. ஆனால் அதன் பெரும்பகுதி, குற்றம் செய்தவருக்குத் தண்டனை கிடைப்பதோடு பிணைக்கப்பட்டிருக்கிறது. வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுக்கும். அதுவரை சாட்சி சொல்ல வேண்டியவர்கள் அதே வட்டாரத்தில், அதே உரிமையாளரின் உறவினர்களுக்கு நடுவில்தான் பிழைக்க வேண்டும். இந்த நிலையில் இருப்பவரின் முகத்தை வேலூரில் ஒரு சுவரில் மாட்டினால், அதைப் படம் எடுத்து இணையத்தில் போட ஒரு நிமிடம் போதும். அதற்குப் பிறகு அவர் வீட்டுக்கு யார் வருவார்கள் என்பது உங்கள் கட்டுப்பாட்டில் இருக்காது. குழந்தைகளைப் பொறுத்தவரை யோசிக்கவே இடமில்லை: பாதிக்கப்பட்ட குழந்தையை அடையாளம் காட்டுவதை 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டத்தின் 74ஆவது பிரிவு தடை செய்கிறது.

சம்மதம் வாங்கிவிட்டால் போதாதா என்று கேட்கலாம். மீட்பு நாளன்று அந்தக் குடும்பம் அதிகாரியிடம் சொல்கிறது, காவலரிடம் சொல்கிறது, நிருபரிடம் சொல்கிறது, தொண்டு நிறுவனத்தாரிடம் சொல்கிறது. எங்கே அடித்தார்கள் என்று ஒவ்வொருவரும் கேட்கிறார்கள். கேட்பவர்கள் எல்லாரும் உதவி செய்யக்கூடியவர்களாகத் தெரிவதால், முடியாது என்று சொல்லும் துணிவு அவர்களுக்கு இருப்பதில்லை. படித்த பிள்ளைகள் கேமராவோடு போய் நின்றாலும் தலையசைத்துவிடுவார்கள். அந்தத் தலையசைப்பை நான் சம்மதமாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இருளர்களைத் தேடிப் போகிறவர்கள் எல்லோரும் ஆலையைப் பற்றியே கேட்கிறார்கள். மாசி மகத்துக்கு மாமல்லபுரம் கடற்கரைக்குப் போனீர்களா என்று ஒருவரும் கேட்பதில்லை. வட மாவட்டங்களின் இருளர்கள் கன்னியம்மாவைத் தேடி அங்கே கூடி, சேலைகளால் கூடாரம் கட்டி மணலிலேயே தங்கி, விடியற்காலையில் கடலோரத்தில் பூசையும் திருமணங்களும் நடத்துகிறார்கள். பிணைப்பில் இருந்த காலத்தில் ஆலைக்காரர் விடுப்புத் தராததால் மாசி மகத்துக்குப் போக முடியவில்லை என்று சொல்லி ஒரு மூதாட்டி அழுததை நான் கேட்டிருக்கிறேன். அடி வாங்கியதைச் சொன்னபோது அவர் அழவில்லை. கேமராவை அவர்கள் கையில் கொடுத்து, எதை எடுப்பது, எதைச் சுவரில் மாட்டுவது என்பதை அவர்களே முடிவு செய்யும் வகையில் சில மாதங்கள் பழக உங்களால் முடியும் என்றால் கண்காட்சி வையுங்கள். இந்த டிசம்பருக்குள் அது முடியாது. அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போடுவதில் ஒன்றும் குறைந்துவிடாது.


மக்கான் சந்திப்பு எழுதியது:

எல்லோரும் துயரத்தைப் பற்றியே பேசுவதால் ஒரு மாற்று யோசனையைச் சுருக்கமாக முன்வைக்கிறேன். உங்கள் ஊரிலேயே 1806 ஜூலை 10 இருக்கிறது. நெற்றிக்குறியும் கடுக்கனும் கூடாது, தாடியை மழிக்க வேண்டும், தோல் பட்டை வைத்த புதுத் தலைப்பாகை அணிய வேண்டும் என்ற ஆணையை எதிர்த்த சிப்பாய்களுக்குக் கசையடி கொடுத்தார்கள்; அதற்குப் பிறகுதான் வேலூர்க் கோட்டையில் அந்த எழுச்சி நடந்தது. எழுச்சி ஒரே நாளில் கொடூரமாக அடக்கப்பட்டாலும், ஆணை திரும்பப் பெறப்பட்டு, படைத்தலைவர் கிராடக்கும் ஆளுநர் பெண்டிங்கும் திருப்பி அழைக்கப்பட்டார்கள். அந்தச் சிப்பாய்களை இழிவிலிருந்து யாரும் மீட்டெடுக்கவில்லை. தங்கள் தலையில் எதை வைப்பது என்பதைத் தாங்களே தீர்மானிக்க எழுந்தவர்கள் அவர்கள். திப்புவின் பிள்ளைகள் கோட்டைக்குள் இருந்ததால் அரசியல் காரணங்களும் கலந்திருந்தன என்பது உண்மைதான். ஆனாலும் இளைஞர்கள் நடிக்க இதைவிட நல்ல கதை இந்த ஊரில் இல்லை என்பேன். நினைவுத் தூணுக்கு முன்னால் மாலை போடுவதோடு நாம் நிறுத்திக்கொள்கிறோம்.


பேரணாம்பட்டுத் தமிழ் எழுதியது:

மேலே உள்ளவற்றில் பெரும்பாலானவற்றோடு உடன்படுகிறேன். பறையைப் பற்றிச் செய்யாறு ஐயா எழுதியதோடு உடன்பட முடியவில்லை.

எங்கள் தாத்தாவும் மேளம் அடித்தவர்தான். மேடைப் பேச்சில் பறை ஆதி இசையாக, போர் முழக்கமாக, விடுதலையின் குரலாக வரும். ஊரில் அது வேறு. சாவு விழுந்த வீட்டிலிருந்து ஆள் வந்தால் காய்ச்சலாக இருந்தாலும் போக வேண்டும், வாசலுக்கு வெளியே வெயிலில் நின்று அடிக்க வேண்டும், குடித்தவன் வந்து ஆட்டத்துக்கு ஏற்ப அடிக்கச் சொல்லி முதுகில் தட்டுவான், கூலியைக் கையில் கொடுக்காமல் தரையில் வைப்பான். வர மாட்டோம் என்று சொன்ன தெருக்கள் அதற்காக அடியும் ஊர்விலக்கும் வாங்கியிருக்கின்றன. இனிமேல் சாவுக்கு மேளம் அடிப்பதில்லை என்று பறையைக் கைவிட்டவர்களும் போராளிகள்தான். அதே பறையைத் தலித் கலை விழாக்களின் மேடையில் ஏற்றி நிமிர்ந்து அடித்தவர்களும் போராளிகள்தான். இந்த இரண்டு வழிகளுக்கும் இடையிலான விவாதம் எங்கள் தெருக்களில் இன்னும் முடியவில்லை. அதை ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில், அந்த வாழ்க்கையை வாழாத நண்பர்கள், ஒருவரைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு முடித்துவைக்கப் பார்க்கிறார்கள்.

நகரங்களில் இப்போது பறைப் பயிற்சிக்குப் பணம் கட்டிச் சேருகிறார்கள். நல்லது. மற்ற சாதிப் பிள்ளைகள் அதைத் தோளில் மாட்டிக்கொண்டால் அவர்களைப் புரட்சிக்காரர்கள் என்கிறார்கள். அந்த மாணவர் மாட்டிக்கொண்டால், மறுநாள் வகுப்பில் அவர் யார் வீட்டுப் பிள்ளை என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். வேலு ஆசானுக்குக் கிடைத்த விருதால் எங்கள் எல்லோருக்கும் பெருமை உண்டு. ஆனால் அந்த விருதைக் காட்டி இன்னொருவரைச் சம்மதிக்க வைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அழைத்தால் வர மறுக்கும் உரிமைக்காகத்தான் அவருடைய முன்னோர் அடி வாங்கினார்கள். அதே மறுப்பை அவர் உங்களிடம் சொல்லியிருக்கிறார். மனித மாண்பைப் பற்றி நிகழ்வு நடத்துகிறவர்கள் அவரிடம் காரணம் கேட்காமல் இருப்பதுதான் முறை.

அவருக்கு எதில் விருப்பம் என்று யாராவது கேட்டீர்களா? கணிப்பொறி வேலையா, விளக்கு அமைப்பா, கணக்கு வழக்கா? பறை வேண்டும் என்றால் அதைத் தொழிலாக ஏற்று மேடையில் நிகழ்த்தும் குழுவை அழையுங்கள். கூலியை முன்கூட்டியே பேசுங்கள், மேடையில் அவர்களுடைய பெயர்களைச் சொல்லுங்கள்.


அப்பர் தையல் எழுதியது:

நான் ஆம்பூரில் ஷூ கம்பெனியில் அப்பர், அதாவது ஷூவின் மேல்பகுதி, தைக்கிறேன். உங்கள் குழுவில் எங்கள் தொழிலிலிருந்து ஒருவர் இருக்கிறார் என்பதைப் படித்து மகிழ்ந்தேன்.

எங்கள் பகுதிக்குக் கலை செய்யவும் ஆய்வு செய்யவும் வருகிறவர்கள் பாலாற்றில் நுரையைப் படம் எடுக்கிறார்கள், தோல் பதனிடும் டேனரியின் நாற்றத்துக்கு மூக்கைப் பொத்திக்கொள்கிறார்கள், போய்விடுகிறார்கள். மாசு பொய் இல்லை. வேலூர்க் குடிமக்கள் நல அமைப்பு தொடுத்த வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு, மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்பதை இந்தியச் சட்டத்தில் நிலைநாட்டியது என்று எங்கள் பிள்ளைகளே பாடத்தில் படிக்கிறார்கள். ஆனால் சுண்ணாம்புக் குழியில் இறங்குபவரின் காலை மட்டும் படம் பிடிப்பவர்கள், ஒரு தோலைத் தடவிப் பார்த்தே அது எந்த வேலைக்கு ஆகும் என்று சொல்லிவிடும் அவருடைய கையை விட்டுவிடுகிறார்கள். என் தையல் நேராக இருப்பதில் எனக்குப் பெருமை உண்டு. அதைப் பற்றி இதுவரை யாரும் என்னிடம் கேட்டதில்லை.

இரண்டு கேள்விகள். நிகழ்வுக்கு வருகிறவர்களுக்கு என்ன சாப்பாடு போடப் போகிறீர்கள்? இது சின்ன விஷயம் அன்று. 2022இல் ஆம்பூரில் அறிவித்த பிரியாணித் திருவிழாவில் மாட்டுக்கறிப் பிரியாணிக்கு இடம் இல்லை என்று தெரிந்து எதிர்ப்பு எழுந்தது. மழையைக் காரணம் காட்டி விழா தள்ளிவைக்கப்பட்டது. மாநில ஆதிதிராவிடர், பழங்குடியினர் ஆணையமும் மாவட்ட நிர்வாகத்திடம் விளக்கம் கேட்டது. எது பொதுச் சாப்பாடு என்பதை யார் முடிவு செய்வது என்ற கேள்வியை உங்கள் குழுவும் ஒரு முறை பேசிப் பார்க்கலாம்.

அடுத்தது, டிசம்பர் 10 வேலை நாளாக இருந்தால் என்னைப் போன்றவர்கள் வர முடியாது. எங்களைப் பற்றிய நிகழ்வுக்கு நாங்கள் விடுப்புப் போட்டுச் சம்பளத்தை இழந்து வர வேண்டுமா? ஞாயிற்றுக்கிழமை வையுங்கள்.


காட்பாடி வாசகர் வட்டம் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. பதில்களை அச்செடுத்துக் குழுவில் வாசித்தோம். வாசிக்கும்போது நிறைய சச்சரவும் நடந்தது. எல்லோரும் எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்டோம் என்று சொல்வதற்கில்லை.

கரிகிரி அக்கா சொன்ன வரவேற்பறைக் காட்சியை நாடகமாக எழுதத் தொடங்கிவிட்டோம். பெண் பார்க்க வரும் மாமாவாக நடிக்க யாரும் முன்வரவில்லை என்பதே எங்களுக்குப் பல விஷயங்களைப் புரியவைத்தது. கடைசியில் ஓவியம் பயிலும் நண்பர் ஒப்புக்கொண்டார். புகைப்படக் கண்காட்சி இந்த ஆண்டு இல்லை. 1806 பற்றிய யோசனையை அடுத்த ஜூலைக்கு வைத்திருக்கிறோம். அந்த மாணவரிடம் இனிமேல் பறையைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்று முடிவு செய்தோம். அரங்கின் ஒலி ஒளிப் பொறுப்பை அவரே கேட்டு வாங்கிக்கொண்டார். சாப்பாட்டு விஷயத்தில் மட்டும் இன்னும் முடிவு எட்டவில்லை. மாட்டுக்கறிப் பிரியாணியும் இருக்கட்டும் என்று ஒரு தரப்பும், அப்படியானால் மண்டபம் கிடைக்காது என்று மற்றொரு தரப்பும் சொல்கின்றன. இரண்டுமே உண்மையாக இருப்பதுதான் சிக்கல்.

செய்யாறு ஐயாவிடம் ஒரு கேள்வி. டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, ஏதேனும் ஒரு ஜமாவை அழைத்துத் துகிலுரிதல் பகுதியை மட்டும் இரண்டு மணி நேரத்துக்கு ஆடச் சொல்லிக் கேட்பது முறையா? அவர்களை எப்படி அணுக வேண்டும்?


செய்யாறு முகவீணை எழுதியது:

பேரணாம்பட்டுத் தம்பியின் பதிலைப் படித்தேன். கலை தொடர வேண்டும் என்ற ஆசை எனக்கு உண்டு, அதை விட்டுவிட மாட்டேன். ஆனால் அந்த ஆசையைச் சுமக்க வேண்டியவர் அந்த மாணவர் அல்லர் என்று அவர் சொல்வதை எதிர்த்து எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். பங்குனியில் தொடங்கி ஆடி, ஆவணி வரை ஜமாக்களுக்கு ஓய்வே இருக்காது. டிசம்பரில் ஆட்டம் குறைவு என்பதால் ஆள் கிடைப்பார்கள், வருமானம் இல்லாத மாதத்தில் அது அவர்களுக்கும் உதவியாக இருக்கும். ஒரு பகுதியை மட்டும் ஆடச் சொல்லிக் கேட்பதில் தவறில்லை. ஆனால் துகிலுரிதலை அம்மன் கோயில் இல்லாத மண்டபத்தில், திருவிழாக் காலத்துக்கு வெளியே ஆட அவர்களுக்கு மனம் ஒப்புமா என்பதை ஜமாவை நடத்தும் வாத்தியாரிடம் நேரில் கேளுங்கள். அவர் கர்ண மோட்சத்தையோ வேறு ஒன்றையோ சொன்னால் அதை ஏற்றுக்கொள்ளுங்கள். பிறப்பைச் சொல்லி இகழப்பட்டவனின் கதையும் உங்கள் பொருளுக்குள்தான் வருகிறது.

தொலைபேசியில் பேசி முடிக்காதீர்கள். வீட்டுக்குப் போய், வெற்றிலை பாக்குடன் முன்பணம் கொடுத்து நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். முழு இரவுக் கூத்துக்கு என்ன கூலியோ அதையே கொடுங்கள். இரண்டு மணி நேரம் ஆடினாலும் அதே ஆட்கள்தான் வர வேண்டும், அதே பெட்டிகளைத்தான் தூக்கி வர வேண்டும், வேனுக்கும் அதே வாடகைதான். இசைக்காரர்களையும் சேர்த்துப் பத்துப் பதினைந்து பேர் வருவார்கள் என்று வைத்துக்கொண்டு, மேடைக்குப் பின்னால் மின்விளக்கு, கண்ணாடி, தண்ணீர், கழிப்பறை உள்ள ஓர் அறையைப் பேசி வையுங்கள். மரத்தாலான அணிகளான கட்டைகளையும் கிரீடத்தையும் கட்டி அரிதாரம் பூச இரண்டு மூன்று மணி நேரம் ஆகும் என்பதால், ஆறு மணிக்கு ஆட்டம் என்றால் மூன்று மணிக்கே அந்த அறையைத் திறந்துவிட வேண்டும் என்று மண்டபத்துக்காரரிடம் இப்போதே சொல்லிவிடுங்கள்.